கிளைக்குள் கிளை: மரமாக விரியும் தரவை வலைப்பக்கத்தில் காட்டும் முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேருக்கு வலைப்பக்க வேலை சொல்லித்தருகிறேன். பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல் என்று போகும் தரவைக் காட்டச் சொன்னால் எல்லோரும் முதலில் டெம்ப்ளேட் கோப்பைத்தான் (தரவை இட்டு நிரப்பும் பக்க அச்சு) திறக்கிறார்கள். பிழை தெரிவது அங்கேதான். ஆனால் அது முளைத்த இடம் பெரும்பாலும் இரண்டு படி முன்னால் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் டெம்ப்ளேட் ஏழாவது படியில்தான் வருகிறது. தரவு உண்மையிலேயே மரமாகிவிட்டால் அதைக் காட்ட ஏழெட்டு வரி போதும்.

கீழே காட்டும் துண்டுகள் எந்த மொழியின் நிரலும் அல்ல, வேலையின் எலும்புக்கூடு மட்டுமே. ஜாங்கோ, ஜின்ஜா, வியூ, ரியாக்ட் போன்ற வலைப்பக்கக் கருவிகள் எதில் எழுதினாலும் எலும்பு இதுதான். கருவிக்குக் கருவி மாறும் இடங்களை எட்டாவது பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் டெம்ப்ளேட் மொழியில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு பட்டியலைச் சுற்றிவருவது (லூப்), 'இருந்தால்' என்று நிபந்தனை போடுவது, ஒரு கோப்புக்குள் இன்னொரு கோப்பைச் சேர்த்து அதற்கு ஒரு மதிப்பை அனுப்புவது. மூன்றாவது தெரியாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஏழாவது படியில் ஒரு துண்டு தன்னுள் தன்னையே சேர்த்துக்கொள்ளும். தன்னையே அழைப்பது என்னும் அந்த உத்தி மூன்றாவதன் நீட்சிதான்.

பக்கம் ஒருமுறை திறக்கும்போது தரவுத்தளத்துக்கு எத்தனை கேள்விகள் போகின்றன என்று காட்டும் வசதியையும் இயக்கி வையுங்கள். அது கண்ணில் படாவிட்டால் நான்காவது படியின் பிழை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

2. மரத்தைத் தாளில் வரைந்து, எண்ணி வையுங்கள்

வகுப்பில் நான் தரும் மரம் எங்கள் கடல்தான். வேர் 'கடல்'. அதன் கீழ் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா என்று இரண்டு கிளைகள். இங்கே பேச்சில் தென்கடல், வடகடல். மன்னார் வளைகுடாவின் கீழ் நான்கு தீவுத் தொகுதிகள்: மண்டபம் 7, கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4. ஆக 21 தீவுகள். வடகடல் பக்கம் தொகுதி எதுவும் வைக்கவில்லை. தேவிபட்டினம், காரங்காடு, மோர்ப்பண்ணை, சோழியக்குடி, தொண்டி ஆகிய ஐந்து கரையூர்களையும் நேராக அதன் கீழ் வைத்தேன்.

இந்த ஏற்றத்தாழ்வை வேண்டுமென்றேதான் வைத்தேன். குருசடைத் தீவு நான்காம் அடுக்கில் இருக்கிறது. தொண்டி மூன்றாம் அடுக்கிலேயே முடிந்துவிடுகிறது. எல்லாக் கிளையும் ஒரே ஆழமாக இருந்தால் லூப்புக்குள் லூப் என்று நான்கு எழுதிவிட்டு வேலையை முடித்துவிடலாம். ஆழம் மாறும்போதுதான் அந்த வழி உடைகிறது. நாளைக்குத் தொண்டியின் கீழ் இரண்டு இறங்குதளங்கள் சேர்ந்தால் ஐந்தாவது லூப்புக்கு எங்கே போவீர்கள்?

மரத்தில் பெயர் உள்ள ஒவ்வோர் இடமும் ஒரு முனை. முனைகளை எண்ணுங்கள்: 1 + 2 + 4 + 21 + 5 = 33. இந்த எண்ணைத் தாளின் மூலையில் எழுதி வட்டமிட்டு வையுங்கள். ஆறாவது படியில் இது மட்டும்தான் உங்களைக் காப்பாற்றும்.

3. அட்டவணை: எண், பெயர், பெற்றோர் எண்

ஒவ்வொரு வரியிலும் முனையின் சொந்த எண், பெயர், அதன் பெற்றோரின் எண். வேருக்குப் பெற்றோர் கிடையாது, அந்த இடம் வெறுமை. இவ்வளவு போதும்.

பெயரையே அடையாளமாக வைக்காதீர்கள். ஆவணத்தில் 'முயல் தீவு' என்றிருப்பதைக் கரையில் 'முசல் தீவு' என்பார்கள். ஒருவர் ஒன்றை எழுதி இன்னொருவர் மற்றதைத் திருத்தினால், பெயரை நம்பித் தொங்கிய பிள்ளைகள் எல்லாம் அறுந்து விழும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

விரிதாளிலிருந்து தரவை ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. அங்கிருந்து வரும் 4 பல நேரங்களில் எண் அல்ல, எழுத்து. எண்ணான 4-உம் எழுத்தான 4-உம் திரையில் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. அதேபோல வேரின் பெற்றோர் இடத்தில் ஒரு கோப்பில் வெறுமை, இன்னொன்றில் 0, மற்றொன்றில் வெற்று எழுத்துச்சரம் வரும். ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றிவிடுங்கள். பின்னால் ஒவ்வோர் இடமாகத் தேடித் திருத்தப் பொறுமை போதாது.

4. எல்லா வரிகளையும் ஒரே கேள்வியில் எடுங்கள்

புதியவர் இயல்பாகச் செய்வது இது: வேரை எடு, டெம்ப்ளேட்டுக்குள் நின்றுகொண்டு 'இதன் பிள்ளைகள் யார்' என்று கேள், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதையே கேள். பக்கம் சரியாகவே வரும். ஆனால் வேரை எடுக்க ஒன்று, 33 முனைகளுக்கும் பிள்ளைகளைக் கேட்க 33, ஆக 34 கேள்விகள் போயிருக்கும். பிள்ளையே இல்லாத 26 இலைகளிடமும் போய் 'உனக்குப் பிள்ளை உண்டா' என்று கேட்டிருப்போம். சொந்தக் கணினியில் இது உறைக்காது. 3,000 பொருள் வகைகள் உள்ள கடைப் பக்கத்தில் அப்போதே தெரிந்துவிடும்.

முழு மரமும் வேண்டுமென்றால் அட்டவணை முழுவதையும் ஒரே கேள்வியில் எடுத்து நினைவகத்தில் மரமாக்குங்கள். பெரிய அட்டவணையில் ஒரு கிளை மட்டும் வேண்டுமென்றால், தரவுத்தளத்தையே கீழிறங்கித் தேடச் சொல்லும் 'வித் ரிகர்சிவ்' கேள்வி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல் 8.0 ஆகியவற்றில் இது உண்டு.

வரிசைப்படுத்துவதும் இந்தப் படியிலேயே முடியட்டும். பட்டியல் முழுவதையும் பெயர்வாரியாக அடுக்கிவிட்டு அந்த ஒழுங்கிலேயே பெற்றோரிடம் சேர்த்தால், ஒவ்வொரு தாயின் பிள்ளைகளும் தாமாகவே அடுக்கி நிற்பார்கள். டெம்ப்ளேட்டில் அடுக்கினால் ஒவ்வொரு முனையிலும் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

தமிழ்ப் பெயர்களை அடுக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. கணினி தன் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் தனுஷ்கோடி முன்னால் வந்து தலையாரித் தீவு பின்னால் போகும். ஏனென்றால் அந்த அட்டவணையில் 'ன' எழுத்து 'ந'வை ஒட்டி அமர்ந்திருக்கிறது. நம் அகரவரிசையிலோ அது பதினெட்டாவது மெய். புள்ளியும் குழப்பும். மண்டபம், மணல்மேல்குடி இரண்டில் அகராதிப்படி மண்டபம் முதலில் வர வேண்டும், ஏனென்றால் 'ண்' என்பது 'ண'வுக்கு முந்தியது. எண் வரிசையில் புள்ளிக்கு இடம் கடைசிப் பக்கம் என்பதால் மணல்மேல்குடி முந்திக்கொள்ளும். எனவே தமிழுக்கான அகரவரிசை விதியைச் சொல்லியே அடுக்கச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸில் ஐ.சி.யு. (பல மொழிகளின் அகரவரிசை தெரிந்த நூலகம்) விதிகள் இருக்கின்றன, ஜாவாஸ்கிரிப்ட்டில் 'இன்டல் கொலேட்டர்' என்ற வசதிக்குத் தமிழ் என்று சொன்னால் போதும்.

5. தட்டையான பட்டியலை மரமாக்குதல்: இரண்டு சுற்று

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும்.

முதல் சுற்று:
　ஒவ்வொரு வரிக்கும்: ஒரு முனை செய், அதற்கென்று ஒரு வெற்றுப் பிள்ளைப் பட்டியல் வை
　எண்ணைச் சொன்னால் முனை கிடைக்கும்படி அகராதியில் போடு

இரண்டாம் சுற்று:
　ஒவ்வொரு முனைக்கும்:
　　பெற்றோர் எண் வெறுமை என்றால், வேர்களில் சேர்
　　இல்லையென்றால், அகராதியில் பெற்றோரைத் தேடி அதன் பிள்ளைகளில் சேர்

ஏன் இரண்டு சுற்று? ஒரே சுற்றில் செய்தாலும் தொடக்கத்தில் சரியாகவே வரும். நாமே மேலிருந்து கீழாக உள்ளிட்ட தரவில் தாய் எப்போதும் பிள்ளைக்கு முன்னால் இருப்பாள். அது தற்செயல். நான் முதலில் 21 தீவுகளையும் நேராக மன்னார் வளைகுடாவின் கீழ் போட்டுவிட்டு, தொகுதிகளைப் பிறகு சேர்த்து, தீவுகளை அவற்றின் கீழ் நகர்த்தினேன். இப்போது தாயின் எண் பிள்ளையின் எண்ணைவிடப் பெரியது. ஒரே சுற்றில் எழுதியவர்களின் நிரல் அன்றைக்கே நின்றுபோனது, 'இந்த எண் இல்லை' என்று. பெயர்வாரியாக அடுக்கினாலும் இதே கதைதான்: கீழக்கரைத் தொகுதிக்கு முன்னாலேயே அப்பாத் தீவு வந்து நிற்கும்.

'அதற்கென்று ஒரு' என்று எழுதியதையும் கவனியுங்கள். பைத்தானில் எல்லா எண்களுக்கும் ஒரே வரியில் வெற்றுப் பட்டியல் கொடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு, அகராதியின் 'ஃப்ரம்கீஸ்'. அது 33 பட்டியல்களைத் தராது. ஒரே பட்டியலை 33 பேருக்கும் பங்கு வைக்கும். பிறகு எந்த முனையைத் திறந்தாலும் வேரைத் தவிர மற்ற எல்லா முனைகளும் அதன் பிள்ளைகளாகவே இருக்கும். டெம்ப்ளேட் முடிவில்லாமல் சுற்றும். பிழை டெம்ப்ளேட்டில்தான் என்று நினைத்து ஒரு பிற்பகல் முழுவதையும் நானே வீணடித்திருக்கிறேன்.

6. காணாமல் போனவர்களைத் தேடுங்கள்

மண்டபத்திலிருந்து வரும் ஒரு மாணவி மண்டபம் தொகுதியின் வரியைத் திருத்தும்போது பெற்றோர் எண் இடத்தில் அதன் சொந்த எண்ணையே போட்டுவிட்டாள். பக்கம் திறந்தது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. "அண்ணா, எல்லாம் சரியாக வருகிறது" என்றாள். பட்டியலில் அவளுடைய ஊர்த் தொகுதியும் இல்லை, ஏழு தீவுகளும் இல்லை.

வளையம் என்றாலே பக்கம் தொங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தொங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முனைக்கும் ஒரே பெற்றோர் என்னும் அட்டவணையில், வளையத்தில் சிக்கிய கூட்டம் வேரிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். வேரிலிருந்து இறங்குகிறவர் அதைப் பார்க்கவே மாட்டார். அந்தத் தொகுதிக்கான தனிப் பக்கத்தைத் திறந்தால்தான், அங்கிருந்து இறங்கும்போது அது தன்னையே பிள்ளையாகக் கண்டு சுழலும். பைத்தானில் அழைப்பின் ஆழத்துக்கு இயல்பான வரம்பு 1,000 என்பதால் அங்கே பிழையாக வெடிக்கும். முகப்பில் அமைதி, உள்ளே வெடிப்பு. இரண்டுக்கும் காரணம் ஒரே எண்.

அதனால் மரம் கட்டியதும் வேரிலிருந்து நடந்து எண்ணுங்கள். 33 வர வேண்டிய இடத்தில் அவளுக்கு 25 வந்தது. தொகுதி ஒன்றும் தீவுகள் ஏழும் குறைவு. வளையமோ வேறு எதுவோ, குறைந்த எண் உடனே காட்டிக்கொடுத்துவிடும். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் டெம்ப்ளேட்டுக்கே போகாமல் நிறுத்துங்கள். திருத்தும் படிவத்திலும் ஒரு சோதனை வையுங்கள்: புதிய பெற்றோரிலிருந்து வேர் வரை ஏறும்போது திருத்தப்படும் முனையே எதிர்ப்பட்டால் சேமிக்க மறுத்துவிட வேண்டும்.

இன்னொரு வகை அனாதைகள். யாரோ ஒரு தொகுதியை 'மறை' என்று குறித்துவிட, கேள்வியிலேயே அது வடிகட்டப்பட்டுவிடும். அதன் பிள்ளைகள் வருவார்கள், தாய் இருக்கமாட்டாள். மறைப்பதாக இருந்தால் மரம் கட்டிய பிறகு மறையுங்கள். இலையிலும் அவசரப்பட்டு வடிகட்ட வேண்டாம். கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குசல்லியும் கடலில் மூழ்கிவிட்ட தீவுகள். அவற்றை நீக்கினால் 21 என்ற கணக்கு உதைக்கும். நிலை என்று ஒரு புலம் வைத்து, பெயருக்குப் பக்கத்தில் குறிப்பாகக் காட்டுவதே என் வழக்கம்.

7. இப்போதுதான் டெம்ப்ளேட்: ஒரு முனைக்கு ஒரு துண்டு

துண்டின் பெயர் 'கிளை'. அதற்கு ஒரே ஒரு முனையைக் கொடுப்போம்.

கிளை (முனை):
　உருப்படி திற
　　முனையின் பெயர்
　　முனைக்குப் பிள்ளைகள் இருந்தால்:
　　　பட்டியல் திற
　　　　ஒவ்வொரு பிள்ளைக்கும்: கிளை (பிள்ளை)
　　　பட்டியல் மூடு
　உருப்படி மூடு

வெளிப் பக்கத்தில் ஒரு பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வேருக்கும் 'கிளை'யை ஒருமுறை அழைத்து, பட்டியலை மூடுங்கள். அவ்வளவுதான்.

நிறுத்தும் நிபந்தனை எங்கே என்று தேடுவார்கள். 'பிள்ளைகள் இருந்தால்' என்ற வரிக்குள்தான் அது இருக்கிறது. இல்லாத பிள்ளையை யாரும் அழைக்கப்போவதில்லை. நிபந்தனையே போடாவிட்டாலும் சுற்று நிற்கும், வெற்றுப் பட்டியலைச் சுற்ற எதுவும் இல்லையே. ஆனால் ஒவ்வொரு தீவுக்கும் கீழே உள்ளே ஒன்றுமில்லாத பட்டியல் ஒன்று பக்கத்தில் தங்கிவிடும். திரைவாசிப்பான்கள் (பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள்கள்) தடுமாறும், இடைவெளியும் கோணலாகும்.

பட்டியல் மூடுவதும் உருப்படி மூடுவதும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று மறுபடி பாருங்கள். உள்பட்டியல் உருப்படிக்குள் இருக்க வேண்டும். எச்.டி.எம்.எல்-இல் யு.எல். (பட்டியல்) குறிக்குள் நேரடியாக இன்னொரு யு.எல். வைப்பது பிழை, எல்.ஐ. (உருப்படி) குறிக்குள்தான் வைக்க வேண்டும். பெயரை எழுதியதும் உருப்படியை மூடிவிட்டுப் பட்டியலைத் திறப்பவர்கள் பத்தில் ஆறு பேர். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, உலாவி பொறுத்துக்கொள்ளும். ஆனால் 'மண்டபம் தொகுதிக்குள் ஏழு' என்ற உறவு பக்கத்தின் அமைப்பில் இருக்காது.

உலாவி பொறுத்துக்கொள்ளாத இடங்களும் இரண்டு உண்டு. பெயரையும் உள்பட்டியலையும் சேர்த்து ஒரே பத்திக் குறிக்குள் வைத்தால், பட்டியல் தொடங்கியதும் உலாவி பத்தியைத் தானே மூடிவிடும், மரம் சிதறும். உருப்படி முழுவதையும் இணைப்புக் குறியால் சுற்றினால், உள்ளே அடுத்த இணைப்பு வந்ததும் முந்தையது மூடப்படும். இணைப்பு பெயரை மட்டும் சுற்றட்டும்.

8. கருவிக்குக் கருவி மாறும் கண்ணிகள்

ஜாங்கோவில் துண்டைத் தனிக் கோப்பாக வைத்து 'இன்க்ளூட்' மூலம் அதையே அழைக்கலாம். 'வித்' போட்டுப் பிள்ளையை 'முனை' என்ற பெயரில் அனுப்ப மறந்தால், உள்ளே போன துண்டு வெளியில் இருந்த அதே முனையைத்தான் பார்க்கும். அதே பெயர் திரும்பத் திரும்ப, வரம்பு வரை. கூடவே 'ஒன்லி' போட்டுவிட்டால் வெளி மாறிகள் உள்ளே கசியாது. மறதி உடனே வெளிப்பட்டுவிடும்.

ஜாங்கோ மாதிரியின் ('மாடல்', அட்டவணையைக் குறிக்கும் நிரல் பகுதி) பிள்ளை உறவை நேரடியாக நிபந்தனையில் வைக்காதீர்கள். அது பட்டியல் அல்ல, பட்டியலை எடுத்துத்தரும் மேலாளர்; பிள்ளை இல்லாவிட்டாலும் 'இருக்கிறது' என்றே பதில் வரும். ஐந்தாவது படியில் கட்டிய பட்டியலை வேறொரு பெயரில் வைத்து அதையே பயன்படுத்துங்கள்.

ஜின்ஜாவில் இன்னும் சுருக்கமான வழி உண்டு. 'ஃபார்' வரியின் கடைசியில் 'ரிகர்சிவ்' என்று எழுதிவிட்டு, உள்ளே 'லூப்' என்பதையே பிள்ளைகளைக் கொடுத்து அழைக்கலாம். தனிக் கோப்பு தேவையில்லை. ஆனால் இடையில் இன்னொரு சின்னச் சுற்று, உதாரணமாகத் தீவின் படங்களைக் காட்ட, வைத்தீர்களானால் அதற்குள் 'லூப்' என்பது அந்தச் சின்னச் சுற்றையே குறிக்கும். அங்கிருந்து வெளிச் சுற்றை அழைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே வேறு பெயரில் பிடித்து வையுங்கள்.

வியூவில் ஒற்றைக் கோப்புக் கூறு (காம்பொனென்ட்) தன் கோப்புப் பெயராலேயே தன்னை அழைத்துக்கொள்ளலாம். ரியாக்ட்டில் சாதாரண ஃபங்ஷனைப் போலத் தன்னையே அழைப்பதுதான். இரண்டிலும் உருப்படியை அடையாளம் காட்டும் 'கீ' மதிப்பாக வரிசை எண்ணைக் கொடுக்காமல் முனையின் சொந்த எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு தீவைச் சேர்த்ததும் திறந்திருந்த கிளை மூடி, பக்கத்துக் கிளை திறந்து நிற்கும்.

9. ஆழமும் உள்தள்ளலும்

எந்த அடுக்கில் இருக்கிறோம் என்பது துண்டுக்குத் தானாகத் தெரியாது. அழைக்கும்போது ஒன்றைக் கூட்டி அனுப்ப வேண்டும். ஜின்ஜாவின் ரிகர்சிவ் சுற்றில் மட்டும் 'லூப்.டெப்த்' 1-இலிருந்து எண்ணிக்கொண்டே வரும். ஆழத்தைத் துண்டுக்கு வெளியே பொதுவான மாறியில் வைத்துக் கூட்டினால், கிளையிலிருந்து திரும்பும்போது யாரும் குறைக்கமாட்டார்கள். மூன்றாம் அடுக்கில் இருக்க வேண்டிய தொண்டி எங்கோ ஆழத்தில் போய் நிற்கும்.

உள்தள்ளலுக்கு ஆழ எண்ணே வேண்டாம். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் உலாவி தானே தள்ளும். ஆனால் இயல்பான தள்ளல் அடுக்குக்கு 40 பிக்சல். நான்கு அடுக்கில் 160. கைப்பேசித் திரையின் அகலம் 360 என்று வைத்தால் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது, அதற்குமேல் 'புலுவினிச்சல்லி' என்று எழுத வேண்டும். அதை 16 பிக்சலாகக் குறைத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் கணினியில் பார்ப்பவர்கள் என்னையும் என் மாணவர்களையும் தவிர அதிகம் இருக்கமாட்டார்கள்.

10. சுருக்கி விரித்தல்

இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் தேடிப் போகாதீர்கள். எச்.டி.எம்.எல்-இல் 'டீட்டெய்ல்ஸ்', 'சம்மரி' என்ற இரண்டு குறிகள் இருக்கின்றன. பிள்ளை உள்ள முனைக்கு மட்டும் பெயரைச் சம்மரிக்குள்ளும் உள்பட்டியலை டீட்டெய்ல்ஸுக்குள்ளும் வையுங்கள். ஆழம் 2 வரை 'ஓப்பன்' பண்பைச் சேர்த்தால் கடல்களும் தொகுதிப் பெயர்களும் திறந்தே தெரியும், தீவுகள் மூடியிருக்கும்.

மரம் என்பதால் 'ட்ரீ' என்ற ரோல் பண்பைச் சேர்க்கும் ஆசை வரும். அதைச் சேர்த்தால் அம்புக்குறி விசைகளால் மேலும் கீழும் நகரும் வசதியையும் நீங்களே எழுதித்தர வேண்டும். எழுதாவிட்டால் திரைவாசிப்பானை நம்புகிறவரை ஏமாற்றியதாகிவிடும். சாதாரணப் பட்டியலே போதும்.

11. ஒப்படைக்குமுன் ஐந்து சோதனைகள்

தரவே இல்லாத மரத்தைக் கொடுத்துப் பாருங்கள். வெற்றுப் பட்டியல் வரக்கூடாது, 'எதுவும் இல்லை' என்ற வரி வர வேண்டும். வேர் மட்டும் உள்ள மரம். பிறகு தொண்டியின் கீழ் ஒரு பிள்ளை, அதன் கீழ் இன்னொன்று. டெம்ப்ளேட்டைத் தொடாமலே இரண்டும் தெரிய வேண்டும். கேள்விகளின் எண்ணிக்கை அதற்கு முன்பும் பின்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஐந்தாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு தீவின் பெயரில் சிறியது என்ற கோணக் குறியைப் போட்டுச் சேமியுங்கள். 'எஸ்கேப்' (இத்தகைய குறிகளை வெறும் எழுத்தாக மாற்றுவது) தானாக நடக்கும் டெம்ப்ளேட் வழியாகப் போனால் அது வெறும் எழுத்தாகத் தெரியும். டெம்ப்ளேட்டை விட்டுவிட்டு ஃபங்ஷன் ஒன்றில் எச்.டி.எம்.எல்-ஐச் சரமாக ஒட்டி, கடைசியில் மொத்தத்தையும் 'பாதுகாப்பானது' என்று முத்திரை குத்தியவர்களின் பக்கம் அங்கே உடையும். உடைந்தால், ஒவ்வொரு பெயரையும் ஒட்டுவதற்கு முன்பே தனித்தனியாக எஸ்கேப் செய்யுங்கள், அல்லது ஏழாவது படிக்குத் திரும்பித் துண்டை டெம்ப்ளேட்டாகவே எழுதுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்யச் சொல்வேன்.